ஜனவரி இருபத்திரண்டில் ஒரு சன்னல்

சிலோன் சாலை, காத்தோங்
6.1.2025, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய திருமதி சாயிரா பானு அவர்களுக்கு,

வணக்கம். இக்கடிதத்தை நமது வாசகர் வட்டத்தின் செயலாளர் என்ற முறையிலேயே எழுதுகிறேன். தனிப்பட்ட முறையில் அன்று. வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தாங்கள் 10.11.2024 காலை 7.12 மணிக்கு விலகிவிட்டமையால் அஞ்சலைத் தவிர வேறு வழியில்லை. தொலைபேசிப் பேச்சை நான் பதிவாகக் கருதுவதில்லை.

9.11.2024 சனிக்கிழமை, டன்லப் தெருவில் நமது தலைவர் நூர்தீன் அவர்களின் கடைமாடியில் நடைபெற்ற கூட்டத்தின் குறிப்பில், தாங்கள் 4.20 மணிக்கு வெளியேறியதாகத் தட்டச்சாகியுள்ளது. 4.35 என்பதே சரி. அப்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். திருத்திய நகலை இணைத்துள்ளேன். தங்கள் கையொப்பம் தேவை. 14.12.2024 கூட்டத்துக்குத் தாங்கள் வராமையால் குறிப்பு இன்னும் ஏற்கப்படாமல் நிற்கிறது.

வட்டத்தின் வெள்ளிவிழா 8.3.2025 அன்று நடைபெறும். முதற் கூட்டம் 11.3.2000 அன்று கூடியது என்பது தங்களுக்கும் நினைவிருக்கும். அன்று வந்த ஒன்பது பேரில் இன்று எஞ்சியிருப்பவர்கள் நூர்தீன் அவர்களும் தாங்களும் நானும் ஆகிய மூவரே. விழா மலர் 21.2.2025 அன்று அச்சுக்குச் செல்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் இருநூற்றுப் பதினான்கு ருஷ்யச் சிறுகதைகளை வாசித்திருக்கிறோம். இந்நகரில் வேறெந்த மொழியினரும் இதைச் செய்ததாக நான் அறியேன். அந்த வாசிப்பின் சாரமாக, குறியீடுகள் கருப்பொருளை எவ்வாறு கட்டியெழுப்புகின்றன என்பது பற்றிய எனது கட்டுரை மலரின் தலைக்கட்டுரையாக அமையும் எனக் குழு ஒருமனதாக முடிவு செய்துள்ளது. 9.11.2024 அன்று நான் வாசித்த கட்டுரையே அது.

அன்றைய கூட்டத்தில் நான் கூறிய ஒரு சொற்றொடர் சபை மரபுக்கு ஒவ்வாதது எனச் சிலர் கருதுவதாக அறிகிறேன். அது குறிப்பில் இடம்பெறவில்லை.

இங்ஙனம்,
சி. அம்பிகைபாகன்
செயலாளர்

*

பூன் லே
13.1.2025

அம்பிகைபாகன் சார் அவர்களுக்கு,

நாளைக்குப் பொங்கல். வாழ்த்துகள். கோபம் வேறு, பொங்கல் வேறு.

நான் 4.20க்குப் போனேனா 4.35க்குப் போனேனா என்பது உங்களுக்குத்தான் முக்கியம். ஏன் போனேன் என்பது எனக்கு முக்கியம். அது குறிப்பில் இல்லை. அதனால் கையெழுத்துப் போடவில்லை. நகலைத் திருப்பி அனுப்புகிறேன்.

குறிப்பில் இருக்கிறது இவ்வளவுதான்: "திருமதி சாயிரா பானு கருத்துரைக்க முற்பட்டார். நேரமின்மையால் கட்டுரை தொடர்ந்தது." நேரமின்மையா சார்? நான் என்ன சொல்ல ஆரம்பித்தேன், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதிவிடுகிறேன். கதையில் வரும் சன்னலைப் பற்றி நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது நான், "சார், அந்தச் சன்னல் ஒட்டின சன்னல் இல்லையா, அதை எப்படித் திறக்க..." என்றேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "பானு அம்மா, இது கப்பல் சரக்குப் பட்டியல் அன்று. இலக்கியம்" என்றீர்கள். இருபது பேர் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அண்ணாதுரை சிரித்ததில் அவர் கையிலிருந்த கோப்பி என் புடவையில் கொட்டியது.

தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் முப்பத்தொரு வருடம் சரக்குப் பட்டியல் தட்டச்சு செய்தேன். ஒரு பெட்டி தவறியதில்லை. அதில் எனக்கு வெட்கம் கிடையாது, பெருமைதான். நீங்கள் அதை வசவுபோலச் சொன்னீர்கள்.

அந்த ஒரு வரியைக் குறிப்பில் சேருங்கள். எந்த நேரம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

சாயிரா பானு

*

காத்தோங்
17.1.2025, வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய திருமதி சாயிரா பானு அவர்களுக்கு,

தங்கள் 13.1.2025 தேதியிட்ட கடிதம் 15.1.2025 பிற்பகல் கிடைத்தது. கூட்டக் குறிப்பு முடிவுகளைப் பதிவதற்கே உரியது, உரையாடல்களைப் பதிவதற்கன்று. இவ்விதியை இருபத்தைந்து ஆண்டுகளாக ஒருமுறையும் மீறியதில்லை.

எனினும், தங்கள் வினாவுக்கு அன்று நான் விடையளிக்கவில்லை என்பது உண்மை. இப்போது அளிக்கிறேன்.

அக்கதை, 1998ஆம் ஆண்டு பிராஸ் பாசாவின் பழைய புத்தகக் கடையொன்றில் நான் வாங்கிய ஆங்கிலத் தொகுப்பில் உள்ளது. முன்பக்கங்கள் உதிர்ந்துபோன அத்தொகுப்பில் அதை எழுதியவர் யாரென்பது இன்றுவரை தெரியவில்லை. கதையோ சிறிது. ஒரு மாவட்ட நகர். வரி அலுவலர் ஒருவர். அவர் மனைவி வேரா. முதற்பக்கத்தில் இலையுதிர்காலம், அவள் இரட்டை யன்னலின் இரு கண்ணாடிகளுக்கு நடுவே பஞ்சை நிரப்பி, அதன்மேல் சிவந்த காட்டுப்பழங்களைத் தூவி, விளிம்புகளில் காகிதம் ஒட்டுகிறாள். நடுப்பகுதியில், கண்ணாடிகளுக்கிடையே அகப்பட்ட ஈயொன்றைக் கணவர் நகத்தால் தட்டி விளையாடுகிறார். இறுதியில் அவரது பதவி உயர்வு விருந்து. வேரா எழுந்து யன்னலைத் திறக்கிறாள். "அன்று ஜனவரி இருபத்திரண்டு. விருந்தினர் தத்தம் மேலங்கிகளைக் கேட்டனர்." கதை முற்றிற்று.

எனது ஆய்வின் முடிவு இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்ய ஆசிரியர்கள் குறியீட்டை அறிவிப்பதில்லை. அதை வீட்டுக்குள் தட்டுமுட்டுப் பொருளாகக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். முதன்முறை வரும்போது அது வெறும் பொருள். இரண்டாம் முறை வேறொரு கை அதன்மீது படும்போது நாம் அதைக் கவனிக்கிறோம். மூன்றாம் முறை வரும்போது கதை முழுவதும் அதன்மீது ஏறி நிற்கிறது. இங்கே யன்னல் முதலில் மனைவியின் கையில், பிறகு கணவரின் நகத்தில், மீண்டும் மனைவியின் கையில். விருந்து இனிதே நிறைவுற்று விருந்தினர் விடைபெறும் வேளையில் அவள் யன்னலைத் திறந்து சற்றே காற்று வாங்குகிறாள். கதை ஒரு பெருமூச்சில் முடிகிறது. பொறுமையே அதன் கருப்பொருள்.

இக்கட்டுரைக்காக நான் பதினான்கு மாதங்கள் உழைத்தேன். அதைப் பற்றி நான் பெருமைகொள்வதை மறைக்கப்போவதில்லை.

இங்ஙனம்,
சி. அம்பிகைபாகன்

*

பூன் லே
27.1.2025

அம்பிகைபாகன் சார் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். என் மகள் சாதியா, "விடுங்கம்மா, அவர் கட்டுரை, அவர் தலைவலி" என்கிறாள். ஆனால் பிப்ரவரி 21ஆம் தேதி அது அச்சுக்குப் போகிறது. போன பிறகு சொன்னால் அது பழிவாங்குவது. இப்போது சொன்னால்தான் நியாயம்.

1979இல் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு சோவியத் சரக்குக் கப்பலின் இரண்டாம் அதிகாரி வந்தார். பத்திரங்கள் தயாராக இரண்டு மணி நேரம் ஆகும் என்று உட்கார வைத்திருந்தோம். எங்களுக்கு அப்போதுதான் ஏர்கான் வந்திருந்தது. குளிர்ந்த காற்று வெளியே போகக் கூடாது என்று சன்னல் இடுக்கெல்லாம் பழுப்பு நிற ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தோம். அவர் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "எங்கள் ஊரில் குளிர் உள்ளே வராமல் ஒட்டுவோம். நீங்கள் குளிர் வெளியே போகாமல் ஒட்டியிருக்கிறீர்கள்" என்றார்.

பிறகு சொன்னார். அக்டோபரில் அவர் அம்மா மாவைக் கரைத்துப் பசை காய்ச்சுவாராம். செய்தித்தாளை நீள நீளமாகக் கிழித்து விளிம்பு முழுக்க ஒட்டுவாராம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பஞ்சு. ஈரத்தை அது குடிக்கும். மேலே கொஞ்சம் பழம், அழகுக்கு. ஒட்டியாயிற்றென்றால் ஏப்ரல் வரை அந்தச் சன்னலை யாரும் தொடக் கூடாது. சின்னப் பையனாக இருந்தபோது ஒருதடவை இவர் நடுக்குளிரில் ஒரு பக்கத்தைப் பிய்த்துவிட்டாராம். அந்தக் குளிரில் பசை திரும்ப ஒட்டவில்லை. ஏப்ரல் வரை அந்த அறையை மூடிப்போட்டுவிட்டு, குடும்பமே சமையலறையில் படுத்ததாம். அம்மா இரண்டு வாரம் அவரோடு பேசவில்லையாம்.

இப்போது உங்கள் வேராவைப் பாருங்கள். ஜனவரி இருபத்திரண்டு. அவள் சன்னலைச் சும்மா திறக்க முடியாது. தன் கையால் ஒட்டிய காகிதத்தைத் தன் கையால் கிழிக்க வேண்டும். பஞ்சைப் பிடுங்க வேண்டும். விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, கணவன் பார்த்துக்கொண்டிருக்க. அதைத் திரும்ப மூட முடியாது என்று தெரிந்தே செய்கிறாள். விருந்தாளிகள் மேலங்கி கேட்டது விடைபெற இல்லை சார். குளிரில் கேட்டார்கள். அது பெருமூச்சு இல்லை. நெருப்பில்லாமல் ஒரு வீட்டைக் கொளுத்தியிருக்கிறாள்.

நம் ஊரில் சன்னலைத் திறப்பது ஒரு வேலையா? எங்கள் புளோக்கில் பன்னிரண்டு மாடியும் திறந்தேதான் கிடக்கிறது. அதனால்தான் நாம் யாரும் கவனிக்கவில்லை. உங்களை மட்டும் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. யார் எந்த நிமிடத்தில் குழுவை விட்டுப் போனார்கள் என்று எழுதி வைக்கிற ஆள் நீங்கள். கதாசிரியர் கடைசியில் ஒரு தேதியைத் தூக்கிக் கையில் கொடுத்திருக்கிறார். அன்று நீங்கள் வாசித்த கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சாயிரா பானு

*

காத்தோங்
7.2.2025, வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய திருமதி சாயிரா பானு அவர்களுக்கு,

தங்கள் கடிதம் 28.1.2025 அன்று கிடைத்தது. சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்ததும், 31.1.2025 முதல் 5.2.2025 வரை, ஞாயிறு நீங்கலாக ஐந்து நாட்கள் விக்டோரியா தெருவிலுள்ள நூலகத்துக்குச் சென்றேன். தங்கள் கூற்றைப் பொய்யென நிறுவுவதே என் நோக்கமாயிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள், அக்காலத்து இல்லத்தரசிகளுக்கான கையேடு ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது. பசை, காகிதம், பஞ்சு, பழம், ஏப்ரல் மாதம் அனைத்தும் அதில் உள்ளன. தாங்கள் கூறியது சரி. நான் எழுதியது பிழை.

எனது வீட்டில் பதினாறு யன்னல்கள். எழுபத்தொன்பது ஆண்டுகளில் அவற்றுள் ஒன்றைத் திறப்பதை ஒரு செயல் என்று நான் எண்ணியதேயில்லை.

கட்டுரையை நேற்று, 6.2.2025 அன்று, மலரிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதன் இடத்தில் வாழ்த்துரைகள் இடம்பெறும் என நூர்தீன் அவர்கள் தெரிவித்தார். பிழையுள்ள கட்டுரையின் கீழ் என் பெயர் நிற்பதை நான் விரும்பவில்லை. 8.3.2025 விழாவுக்கும் நான் வருவதற்கில்லை.

9.11.2024 கூட்டக் குறிப்பின் புதிய நகல் இணைப்பில் உள்ளது. தாங்கள் கேட்ட வரி, நான் சொன்னவாறே, மேற்கோள் குறிக்குள், என் பெயருடன் சேர்க்கப்பட்டுள்ளது. அதன் கீழே மேலும் ஒரு வரி சேர்த்துள்ளேன்: "செயலாளரின் இக்கூற்று முறையற்றது." நாளைய கூட்டத்தில் அதை நானே வாசிப்பேன்.

இங்ஙனம்,
சி. அம்பிகைபாகன்

*

பூன் லே
10.2.2025

சார்,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை நீங்கள் எழுந்து நின்று வாசித்ததாகவும், யாரும் சிரிக்கவில்லை என்றும் அண்ணாதுரை ஃபோன் செய்தார். என் புடவைக்கும் மன்னிப்புக் கேட்டார், மூன்று மாதம் கழித்து.

அது சரி. கட்டுரையைத் திரும்ப வாங்கச் சொன்னது யார்?

தப்பைக் காட்டினேன், திருத்துவீர்கள் என்று. நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டீர்கள். இப்போது மலரைத் திறந்தால் முதல் பக்கத்தில் யார் யாரோ கோட்டுப் போட்டுக்கொண்டு வாழ்த்துவார்கள். இருநூற்றுப் பதினான்கு கதை வாசித்தோம் என்பதற்கு அதில் என்ன அடையாளம் இருக்கும்?

ஒரு பொருள் மூன்று தடவை வரவேண்டும், ஒவ்வொரு தடவையும் கை மாற வேண்டும் என்று எழுதியது நீங்கள். அதில் தப்பே இல்லை. மாவுப்பசை விஷயம் எனக்கு 1979இலிருந்து தெரியும். அந்தக் கதையை வட்டத்தில் இரண்டு தடவை வாசித்தோம், நான் ஒன்றும் பார்க்கவில்லை. நவம்பரில் நீங்கள் "மனைவியின் கை, கணவரின் நகம், மனைவியின் கை" என்று வாசித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

கடைசி இரண்டு பக்கத்தை மாற்றி எழுதிக் கொடுங்கள். நூர்தீன் பாயிடம் பேசினேன். "அவர் பேனா எடுத்தா போதும் லா, வாழ்த்துரை எல்லாத்தையும் பின்னாடி தள்ளிடுறேன்" என்கிறார்.

சாயிரா பானு

*

காத்தோங்
13.2.2025, வியாழக்கிழமை

மதிப்புக்குரிய திருமதி சாயிரா பானு அவர்களுக்கு,

தங்கள் பரிந்துரைக்கு நன்றி. ஏற்பதற்கில்லை.

தாங்கள் அறிந்ததை நான் எழுதி என் பெயரை இட்டால் அது களவு. அடிக்குறிப்பில் தங்களுக்கு நன்றி கூறினால் அது 9.11.2024 அன்று நான் செய்ததைவிடப் பெரிய அவமதிப்பு. மூன்றாவது வழியொன்றை நான் காணவில்லை. அக்கதையைப் பற்றி எழுதத் தகுதியுடையவர் இப்போது ஒருவரே. அவர் நானல்லேன்.

அச்சுக்கு இன்னும் எட்டு நாட்கள் உள்ளன. தாங்களே எழுதுங்கள்.

இங்ஙனம்,
சி. அம்பிகைபாகன்

*

பூன் லே
18.2.2025

சார்,

எழுதிவிட்டேன். நான்கு நாளில். சாதியா தட்டச்சு செய்யட்டுமா என்றாள். யாரிடம் கேட்கிறாள் பாருங்கள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, உங்களை விட்டுவிட்டு இதை எழுத முடியாது. "சன்னல் ஒட்டியிருந்தது" என்று நான் சொன்னால், படிக்கிறவர் "அதற்கென்ன?" என்று கேட்பார். சன்னல் எப்படிக் கதைக்குள் வந்தது, எப்படிக் கை மாறியது, எப்படிக் கனத்தது என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும். நீங்கள் சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது. முயற்சி செய்து இரண்டு தாள் கிழித்தேன்.

அதனால் உங்கள் கட்டுரையின் ஐந்து பக்கத்தை அப்படியே போட்டிருக்கிறேன். ஒரு சொல் மாற்றவில்லை. பொறுமைதான் கருப்பொருள் என்பது வரை, பெருமூச்சு வரை. மேலே உங்கள் பெயர், மேற்கோள் குறி. அதற்குப் பிறகு என் நான்கு பக்கம் ஆரம்பிக்கிறது. என் முதல் வரி இதுதான்: "இதுவரை நாம் வாசித்தது, குளிரே இல்லாத ஊரிலிருந்து ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம்."

இது மரியாதைக்காக இல்லை சார். உங்கள் பிழை இல்லாவிட்டால் என் கட்டுரைக்குக் கால் கிடையாது. ஆனால் அந்தப் பிழையோடு உங்களை ஊர் முன்னால் நிறுத்துகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு பக்கத்துக்கு மேல் மேற்கோள் காட்டினால் எழுதியவரின் கையெழுத்து வேண்டும் என்று 2011இல் நீங்கள் ஒரு விதி போட்டீர்கள். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அச்சகத்தில் அப்துல் கஃபார் மெய்ப்புத் தாளை நாளைக்கு ஆள் மூலம் உங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். வெள்ளிக்கிழமை காலை அவருக்குப் பதில் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை என்றால் என்னுடையதும் வராது. என் நான்கு பக்கத்தை மட்டும் போடச் சம்மதிக்க மாட்டேன்.

எனக்கும் கொஞ்சம் கர்வம் இருக்கிறது.

சாயிரா பானு

*

காத்தோங்
20.2.2025, வியாழக்கிழமை

மதிப்புக்குரிய திருமதி சாயிரா பானு அவர்களுக்கு,

மேற்கோள் விதி 12.3.2011 அன்று இயற்றப்பட்டது. இதுவரை அப்படிவம் ஒருமுறையும் பயன்பட்டதில்லை.

மெய்ப்புத் தாள்கள் நேற்று மாலை 5.10 மணிக்கு வந்தன. படிவத்தை உடனே எடுக்கவில்லை. பிறருடைய மேற்கோள் குறிக்குள் என் எழுத்தை நான் இதற்குமுன் கண்டதில்லை. ஐந்து பக்கமும் முடியும் இடத்தில், அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் சற்று நேரம் இருந்தேன். அதன்பின் தங்கள் நான்கு பக்கங்களையும் வாசித்தேன். இன்று காலை மறுபடி வாசித்தேன். தேதியைப் பற்றித் தாங்கள் எழுதியுள்ள பத்தியை மூன்றாம் முறையும் வாசித்தேன். ஓர் ஆசிரியர் கதையின் இறுதியில் ஏன் ஒரு நாளைக் குறிப்பிட்டு நிறுத்துகிறார் என்பதை இத்தனை தெளிவாக வேறெவரும் எழுதி நான் கண்டதில்லை. இந்த வட்டத்திலிருந்து இப்படியொரு கட்டுரை எழுந்தது எனக்குப் பெருமை. அதன் முற்பகுதி என்னுடையது என்பதாலன்று; அதையும் மறுப்பதற்கில்லை.

கையொப்பமிட்ட படிவத்தை அப்துல் கஃபார் அவர்களிடம் இன்று நேரிற் கொடுத்துவிட்டேன்.

விழா நோன்பு மாதத்தில் வருகிறது. பிற்பகல் தேநீர் இடைவேளையை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கும்படியும், சிற்றுண்டியை மாலையில் பொட்டலமாக வழங்கும்படியும் நூர்தீன் அவர்களுக்கு எழுதியுள்ளேன். மலரின் தலைக்கட்டுரையை எழுதியவரே மேடையில் வாசிப்பது மரபு. முதல் ஐந்து பக்கங்களை வாசிக்க ஒருவர் தேவைப்படின், விழா தொடங்கும் மூன்று மணிக்கு முன்பே நான் அங்கு இருப்பேன்.

மெய்ப்பு பற்றிய விவரம்: பக்கம் 1 முதல் 5 வரை, எனது பகுதியில், மூன்று அச்சுப்பிழைகள். திருத்தினேன். பக்கம் 5, கடைசிப் பத்தி, "கதை ஒரு பெருமூச்சில் முடிகிறது" என்பது அச்சுப்பிழை அன்று. அதைத் தொடவில்லை.

பக்கம் 6 முதல் 9 வரை, தங்கள் பகுதியில், திருத்த ஏதுமில்லை.

அன்புடன்,
அம்பிகைபாகன்